ஐந்தாம் தரத்தோடு விடுகைப் பத்திரம் கேட்டு வரும் எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், என்னிடம் படித்து இன்று தாய் தகப்பனாகியிருக்கும் என் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்த கையோடு பாடசாலை அலுவலகத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பெரிய பாடசாலைகளுக்குப் போக வழிவிடும் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் பெற்றோர் வருவது வழக்கம்தான். இந்த முறை தாண்டாத பிள்ளைகளின் பெற்றோரும் வருகிறார்கள். "எப்படியாவது ரவுணில் ஒரு இடம் பார்த்திருக்கிறோம் சேர், பத்திரத்தைத் தாருங்கோ" என்கிறார்கள். தரத்தான் வேண்டும், அது உங்கள் உரிமை. எழுதிக் கொடுக்கும் கையோடு உங்களிடம் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதால் இந்த மடலை எழுதுகிறேன். ஆளாளாகப் பிடித்துச் சொன்னால் தனிப்பட்ட கதையாகிவிடும். எல்லோருக்குமாகச் சொல்வது நல்லது.

என்னை உங்களுக்குத் தெரியும். இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன், இப்போது இங்கேயே கணிதம் படிப்பிக்கிறேன். நான் சைவன். நெற்றியில் திருநீற்றோடு போய் மாதா சுருவத்துக்கு முன்னால் நின்று காலைப் பிரார்த்தனை சொல்லி வளர்ந்தவன். இது யாருடைய பள்ளிக்கூடம் என்று கேட்டால், பாடசாலைகளை அரசாங்கம் கையேற்ற 1960, 61 சட்டங்களுக்குப் பிறகு பெயர்ப்பலகையில் அரசாங்கத்துடையது, மரபில் கத்தோலிக்கத் திருச்சபையுடையது, பிள்ளைகளைப் பார்த்தால் இந்த ஊருடையது. வகுப்பில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள்தான் என்றைக்கும்.

நீங்கள் ஏன் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் விஞ்ஞான ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கிறது. ஆங்கிலத்துக்கு வந்த ரீச்சர் மாற்றலாகிப் போனபின் வேறு ஆள் வரவில்லை. கணிதத்தில் சில வருஷங்கள் பெறுபேறு நன்றாக வந்தது, சில வருஷங்கள் வரவில்லை. மழைக்காலத்தில் எட்டாம் தரமும் ஒன்பதாம் தரமும் ஒரே மண்டபத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கின்றன. இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தன் பிள்ளைக்கு நல்லதைத் தேடும் தாயை நான் எப்படிக் குறை சொல்வேன்?

வழியும் இலேசாகிவிட்டது. உங்களில் முப்பத்தைந்து நாற்பது வயதுக்காரருக்கு நினைவிருக்கும், திருகோணமலை போவதென்றால் மூதூர்த் துறையில் லோஞ்சுக்குக் காத்திருந்து கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும். தரைவழியாகப் போனால் ஆற்றுக்கு ஆறு மிதப்புப் பாதைக்கு (ஆற்றைக் கடக்கும் மிதவைக்கு) நிற்க வேண்டும். வாடைக்காற்று எழும்பினால் அன்றைக்கு ரவுண் இல்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீற்றர், இலங்கையிலேயே நீளமான பாலம் என்றார்கள். நாங்கள் எல்லோரும் நடந்து போய்ப் பார்த்தோம். அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் மற்ற ஆறுகளுக்கும் பாலம் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கச்சேரிக்கும் அது எவ்வளவு பெரிய உதவி என்று வார்த்தையில் சொல்ல முடியாது. அதே பாலத்தால்தான் காலை ஐந்தரைக்கு வான் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது.

அந்த வானில் போகும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். ஐந்து மணிக்கு முதல் எழும்ப வேண்டும். அரைத் தூக்கத்தில் வாயில் பாண் துண்டோடு ஏறுகிறார்கள். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு முடிந்தாலும் ரியூசன் முடித்து வீடு வர இருட்டிவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளை அது. அதற்குப் பிறகு வீட்டுப்பாடம். மாரியில் வெள்ளம் வந்தால் வான் ஓடாது. ஓடினாலும் உங்களுக்கு நெஞ்சு பதறும். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாத இடத்தில் ஓடிய மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன சின்னப் பிள்ளைகள் இறந்துபோனார்களே, அந்த வாரம் இந்த ஊரில் ஒரு தாயும் சரியாகத் தூங்கவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பு கிட்ட இருக்க வேண்டும் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னோம்.

சரி, ரவுணுக்குப் போனால் பல்கலைக்கழகத்துக்கு வழி திறக்கும் என்று நினைக்கிறீர்கள். இதில் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் திருகோணமலை இருக்கிறது. பிள்ளை இங்கே படித்தாலும் ரவுணில் படித்தாலும் அதே மாவட்டம்தான். தேர்வை முடிவு செய்வது ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) இசட் புள்ளி. எங்கள் பள்ளிக்கூடம் பதினோராம் தரத்தோடு நிற்கிறது. ஏ.எல் படிக்க எப்படியும் வெளியே போகத்தான் வேண்டும். பதினாறு வயதில், தன் உடுப்பைத் தானே தோய்க்கத் தெரிந்த வயதில், எந்தத் துறை என்று தெரிந்துகொண்டு போகலாம். பத்து வயதிலேயே ஏன் அனுப்ப வேண்டும்?

ஏ.எல் போக ஓ.எல்லில் (சாதாரண தரப் பரீட்சை) ஆறு பாடம் சித்தி வேண்டும், அதில் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்று பாடத்தில் சி (திறமைச் சித்தி) எடுக்க வேண்டும். இதை எங்கள் பிள்ளைகள் எடுக்கிறார்கள். இன்னும் கூடப் பேர் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் ஒரே கருத்து. ஆனால் அதற்குத் தடையாக இருப்பது பிள்ளைகளின் மண்டை அல்ல, ஆசிரியர் இல்லாமை. ஆசிரியர் ஏன் இல்லை என்பதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

ஒரு பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர் என்பதை மாணவர் தொகையை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். தொகை குறைந்தால் ஆளணி குறையும். ஆளணிக்கு மேலதிகமாக இருப்பவரை வேறு பாடசாலைக்கு மாற்றுவார்கள். போகிறவர் பெரும்பாலும் எல்லோருக்கும் தேவையான பாடக்காரர், ஏனென்றால் அவரைத்தான் மற்றப் பாடசாலைகள் கேட்கும். இது கஷ்டப் பிரதேசம். புதிதாக நியமனம் கிடைத்து வரும் பிள்ளைகள் சேவைக்காலத்தை முடித்ததும் தங்கள் ஊர்ப் பக்கம் போகத்தான் பார்ப்பார்கள். விஞ்ஞான ஆசிரியர் போனதும் அடுத்த வருஷம் இன்னும் ஐந்தாறு பெற்றோர் விடுகைப் பத்திரம் கேட்பார்கள். அதனால் இன்னொரு ஆசிரியர் போவார். இப்படித்தான் எங்கள் கண்ணுக்கு முன்னால் ஆறாம் தரம் இரண்டு வகுப்பாக இருந்து ஒரு வகுப்பாகி, இப்போது அந்த ஒரு வகுப்பிலும் பின் வாங்குகள் வெறுமையாக இருக்கின்றன. ரீச்சர் இல்லாததால் நீங்கள் போகிறீர்கள், நீங்கள் போவதால் ரீச்சர் வருவதில்லை. இரண்டும் உண்மை. ஆனால் இதில் நிறுத்தக்கூடிய கை உங்களிடம்தான் இருக்கிறது, என்னிடம் இல்லை.

போக முடியாத பிள்ளைகள் யார் என்று யோசித்துப் பாருங்கள். வான் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். கரைவலையில் கூலிக்கு இழுக்கிறவரின் பிள்ளைகள். தாய் குவைத்திலோ சவூதியிலோ இருக்க அம்மம்மாவோடு இருக்கிற பிள்ளைகள். உங்கள் பிள்ளை வகுப்பில் இருக்கும் வரைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு ரீச்சர் இருக்கிறார். உங்கள் பிள்ளையை எடுக்கும்போது அவர்களுடைய ரீச்சரையும் சேர்த்து எடுக்கிறீர்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். வேறு விதமாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் இந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாததை மட்டும் எல்லோரும் சொல்கிறபடியால்.

அதிபர் சிஸ்டரின் மேசையில் ஒரு சி.ஆர் கொப்பி இருக்கிறது. அட்டை கிழிந்து பழுப்புக் கடதாசி ஒட்டிய கொப்பி. அதில் பிள்ளைக்கு ஒரு பக்கம். புள்ளி எதுவும் இல்லை அதில். "தகப்பன் கடலுக்குப் போகும் நாட்களில் பிந்தி வருவான்." "அம்மம்மாவுக்குக் கண் தெரியாது, கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டாம், நேரில் சொல்லவும்." "மழைக்கு வீடு ஒழுகும், புத்தகங்களைப் பாடசாலையில் வைக்க விடவும்." இப்படித்தான் ஒவ்வொரு பக்கமும். புதிதாக வரும் ஆசிரியர் முதல் கிழமையில் அந்தக் கொப்பியை வாசிக்க வேண்டும். எந்தச் சுற்றறிக்கையும் அதைச் சொல்லவில்லை. இப்போதைய சிஸ்டருக்கு முதல் இருந்த சிஸ்டர் தொடங்கியது, இவர் விடாமல் எழுதுகிறார்.

பத்தாம் தரத்தில் ஒரு பையன். இரவு தகப்பனோடு வள்ளத்தில் போவான். சில நாட்கள் எட்டரைக்குத்தான் வந்து சேருவான், சட்டையில் மீன் வாடை போயிருக்காது. ஏழரைக்கு மணி அடித்தால் படலையைச் சாத்துகிற பாடசாலையாக இருந்தால் அவன் என்றைக்கோ நின்றிருப்பான். இங்கே சிஸ்டர் அவனைக் கண்டதும் முதலில் கேட்பது "சாப்பிட்டியா மகன்?" என்றுதான். இல்லை என்றால் மடத்துக் குசினியில் என்ன இருக்கிறதோ அது வரும். அது முடிந்த பிறகுதான் ஏன் பிந்தினாய் என்ற கேள்வி. அவனும் பொய் சொல்வதில்லை. பிந்திய பாடத்தை இடைவேளையில் நான் சொல்லிக் கொடுக்கிறேன். போன தவணையில் கணிதத்தில் அவன் எடுத்த புள்ளி வகுப்பில் மூன்றாவது. ஒழுக்கம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

பழைய மாணவர் சிலர் "எங்கட காலத்தில் ஃபாதர் பிரம்பெடுத்தால் பள்ளிக்கூடமே நடுங்கும், அந்த ஒழுக்கம் இப்ப எங்கே?" என்று கேட்கிறீர்கள். நானும் அந்தப் பிரம்பை வாங்கியவன். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005 இலேயே வந்துவிட்டது, வந்தது நல்லது. அந்த ஃபாதரிடம் நாங்கள் படித்தது பிரம்பால் அல்ல. பின்னேரம் சைக்கிளில் வீடு வீடாக வந்து குந்தில் இருந்து தேத்தண்ணி குடித்து, பிள்ளை படிக்கிறானா என்று கேட்டாரே, அதனால் படித்தோம்.

சமயத்தைப் பற்றியும் சிலருக்கு ஒரு பயம் இருக்கிறது, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும். சைவப் பெற்றோருக்கு நான் சாட்சி. சமயப் பாட வேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் கோயில் விறாந்தைக்குப் போவார்கள், சைவப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் சைவநெறி படிப்பார்கள். இரண்டும் ஓ.எல்லில் கட்டாயப் பாடம்தான், இரண்டிலும் பிள்ளைகள் ஏ எடுக்கிறார்கள். மத்தியானம் மூவேளைச் செப மணி அடித்தால் யாரும் யாரையும் கும்பிடச் சொல்வதில்லை, அந்த ஒரு நிமிஷம் எல்லோரும் பேசாமல் நிற்பார்கள். ஆறாம் தரத்துப் பிள்ளைகள்கூட. வாணிவிழாவுக்குத் தோரணம் கட்டும் குழுவில் கத்தோலிக்கப் பிள்ளைகள் முன்னுக்கு நிற்கிறார்கள், நத்தார் ஒளிவிழாவில் மரியாளாக நடித்தது இரண்டு வருஷத்துக்கு முன் ஐயர் வீட்டுப் பிள்ளை. இந்த மாவட்டத்தில் மூன்று இனமும் நான்கு சமயமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எவ்வளவு பட்டிருக்கிறோம் என்றும் உங்களுக்குத் தெரியும். இன்னொருவரின் மணிக்குப் பேசாமல் நிற்கத் தெரிந்த பிள்ளையாக என் பிள்ளை வளர்வது எனக்குப் பெரிய விஷயம்.

ஒளிவிழா என்றதும் இன்னொன்று. எங்களிடம் ஆள் போதாது. நாடகத்துக்கு ஆள் வேண்டும், இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஆள் வேண்டும், எல்லே விளையாட்டுக்கு ஆள் வேண்டும், பாட்டுக்கு ஆள் வேண்டும். அதனால் எந்தப் பிள்ளையும் பார்வையாளராக உட்கார முடியாது. கொன்னிக் கொன்னிப் பேசும் ஒரு பிள்ளை போன வருஷம் நூறு பேருக்கு முன்னால் கட்டியம் சொன்னாள். முதல் வரியில் இரண்டு இடத்தில் நின்றாள். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் மேடைக்குக் கீழே இருந்தவர்களில் பாதிப் பேர் அவளோடு அதே நாடகத்தில் இருந்தவர்கள். முடிக்கும்போது குரல் கோயில் வரைக்கும் கேட்டது. ஆயிரம் ஆயிரத்தைந்நூறு பிள்ளைகள் படிக்கும் இடத்தில் அவளுக்கு அந்த மேடை கிடைத்திருக்குமா? அங்கே தெரிவு செய்துதான் ஏற்றுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

2006 ஐ இங்கே சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. மாவிலாற்று அணைக்கதவில் தொடங்கிய சண்டை ஊரைத் தூக்கி எறிந்தபோது உடுத்த உடுப்போடு நாங்கள் ஓடினோம். ஈச்சிலம்பற்று, வெருகல் கடந்து வாகரை, அங்கேயும் இருக்க முடியாமல் மட்டக்களப்பு முகாம்கள். அப்போதிருந்த சிஸ்டர் தன் துணிப்பைக்குள் கொண்டுவந்தது சேர்விடாப்பு, பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்கும்போது விபரம் பதியும் புத்தகம். நான் கேட்டேன், மாற்றுச் சட்டை எடுக்காமல் இதை எடுத்தீர்களே என்று. "பிள்ளையள் எங்க பிறந்ததென்று இதிலதானே இருக்கு" என்றார். முகாமில் தறப்பாளுக்குக் கீழே அந்த இடாப்பை விரித்து வைத்துப் பெயர் கூப்பிட்டோம். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் நின்ற பிள்ளைகளுக்கு அந்த இடாப்பைக் காட்டித்தான் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டோம். உங்களில் சிலர் அப்படி ஓ.எல் எழுதியவர்கள். இன்றைக்கு அரச உத்தியோகத்தில் இருக்கிறீர்கள், நல்லாயிருக்கிறீர்கள். உங்கள் பெயரும் அந்த இடாப்பில்தான் இருக்கிறது, ஓரத்தில் தண்ணீர்க் கறையோடு.

பெற்றோரால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். 1960 டிசம்பரில் அரசாங்கம் பாடசாலைகளைக் கையேற்றபோது, பல ஊர்களில் கத்தோலிக்கப் பெற்றோர் பாயும் தலையணையுமாகப் பள்ளிக்கூடங்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கையேற்றது சரியா பிழையா என்பது வேறு கதை, அதனால் பலனடைந்த ஏழைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தத் தாய் தகப்பன்மார் பள்ளிக்கூடம் தங்களுடையது என்று நம்பினார்கள் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையும் பிள்ளையின் முதல் ஆசான் பெற்றோர் என்றுதான் சொல்கிறது. நாங்கள் அதற்குப் பிறகுதான்.

உங்களிடம் நான் பாய் தலையணை கேட்கவில்லை. கேட்பது மூன்று காரியம்.

ஆறாம் தரத்துக்குப் பிள்ளையை இங்கேயே விடுங்கள். முழுவதுக்கும் வாக்குத் தர முடியாவிட்டால் ஒரு வருஷத்துக்காவது. அந்த வருஷத்தில் நாங்கள் செய்வதைப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். ரியூசனுக்கு ரவுணுக்குக் கொடுக்கிற காசில் கொஞ்சத்தை நாலைந்து வீடு சேர்ந்து போட்டால், ஊரிலேயே பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னேர வகுப்புக்கு ஆங்கிலமும் விஞ்ஞானமும் அவர்கள் சொல்லித் தருவார்கள். மண்டபத்தையும் மின்சாரத்தையும் தரப் பங்குத்தந்தை சம்மதித்துவிட்டார். காசு கட்ட முடியாத பிள்ளைகளும் அதே வகுப்பில் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை.

அடுத்தது அபிவிருத்திச் சங்கக் கூட்டம். இருநூறு பெற்றோரில் கூட்டத்துக்கு வருவது இருபது பேர், அதிலும் அம்மாமார்தான். அப்பாமாரே, வலையைக் காயப்போட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் வாருங்கள். ஆய்வுகூடத்தின் திறப்பு எங்கே என்று நீங்கள் கேட்டால்தான் அது திறக்கும். நான் கேட்டால் அது ஓர் ஆசிரியரின் முறைப்பாடு, நீங்கள் கேட்டால் அது ஊரின் கேள்வி.

மூன்றாவது, விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். இதற்கு முதல் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை, அவற்றில் அதிபரின் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. இந்த மனுவில் ஒவ்வொரு பெற்றோரும் தங்கள் பெயரையும், பிள்ளை எந்தத் தரம் என்பதையும், ஓ.எல் வரைக்கும் இங்கேயே படிப்பிக்கச் சம்மதமா என்பதையும் எழுத வேண்டும். எத்தனை பிள்ளைகள் இருக்கப் போகிறார்கள் என்று காட்டினால்தான் ஆளணி கேட்க முடியும். கையெழுத்து வைக்கத் தெரியாத அம்மம்மாமார் பெருவிரல் அடையாளம் வைக்கலாம், அவர்களும் பிள்ளை வளர்க்கிறவர்கள்தான்.

மனு அலுவலகத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஒரு மேசை போட்டு வைப்போம், பின்னேரம் பிள்ளையார் கோயிலடியில் நான் இருப்பேன். விடுகைப் பத்திரத்துக்கு ஏற்கனவே எழுதிக் கொடுத்தவர்களும் வரலாம். அந்த விண்ணப்பங்களை வருகிற வெள்ளி வரைக்கும் சிஸ்டர் கையெழுத்திடாமல் வைத்திருக்கிறார், வந்து திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் கணித ஆசிரியர்,
கொட்டியாரப்பற்று, திருகோணமலை.